இரண்டு குதிரையும் ஓர் இரும்புக் கம்பியும்

பரமு மச்சான், என் தங்கச்சிக்கு வாய்த்த ராசா,

இந்த ஆடி வந்தால் நீ போய் நாலு வருசம். இங்கே சித்திரை பிறந்துவிட்டது, ஆனாலும் கட்டடத்தின் பின்பக்கத்தில் ஊத்தைப் பனி இன்னும் கரையாமல் கிடக்கிறது. டொரொன்டோவில், மோர்னிங்சைட்டில், பன்னிரண்டாம் மாடியில் இருந்து எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுவது, எழும்பி ஜன்னலடிக்குப் போவது, திரும்பி வந்து இருப்பது. தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

தங்கச்சி நாகேசும் பிள்ளையும் என்னோடுதான் இருக்கிறார்கள். வந்து இரண்டு வருசம். நான்தான் குடிவரவுப் பெரியவர்களோடு மேசையில் அடித்துக் கதைத்து அவர்களை எடுப்பித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். உனக்கென்ன ஒளிப்பு, வரிசையில் நின்று படிவம் நிரப்பினேன், அவ்வளவுதான். உன் மகள் ரஜனிக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. இங்கிலீசில் சிரிக்கிறாள், தமிழில் கோபிக்கிறாள். நடை முழுக்க உன் நடை.

இன்றைக்கு இரண்டு மணிக்கு நாங்கள் எல்லோரும் ஒரு படம் பார்க்கப் போகிறோம். அதில் உன் மச்சான் நடித்திருக்கிறான். சிரிக்காதே. யாழ்ப்பாணத்தில் படத்துறையில் பதினெட்டு வருசம் என்று நான் இங்கே சொல்லும்போது, தியேட்டர் வாசலில் ரிக்கற் கிழித்ததும் படத்துறைதானே என்று நீ ஒருவன்தான் கேட்டிருப்பாய். கேட்க ஆள் இல்லாதபடியால் அந்தப் பதினெட்டு இப்போது இருபத்திரண்டாக வளர்ந்துவிட்டது.

நான் துடைக்கிற கட்டடத்தில் ஓர் அறையில் அரா என்று ஒரு பெடியன் படம் வெட்டி ஒட்டுகிறவன். ஆர்மேனியன். அந்தச் சனத்தைப் பற்றி எனக்கு முன்னர் எதுவும் தெரியாது. முதலாம் உலகப் போர் நடந்த நேரம், துருக்கியை ஆண்ட அரசாங்கம் அவர்களை ஊர் ஊராகக் கிளப்பிச் சிரியாப் பக்கத்து வனாந்தரத்துக்கு நடத்தியிருக்கிறது. ஆம்பிளைகளை முதலிலேயே பிரித்துக் கொண்டுபோய்க் கொன்று, மிச்சப் பேரை வழியில் பசியாலும் தாகத்தாலும் விழுத்தியிருக்கிறது. எழுபது வருசம் கழிந்தும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதிக்கிறார்களாம். அதனால்தான் அராவுக்குப் படம். படத்தில் ஏறிவிட்டால் பிறகு ஒருவரும் இல்லையென்று சொல்ல ஏலாது என்பது அவனுடைய கட்சி.

போன ஆவணியில் அந்த நடையைப் படம் எடுக்க அவனுக்குக் கறுத்த முடியுள்ள ஆட்கள் தேவைப்பட்டார்கள். விடுவேனா. ஐம்பது பேரைக் கொண்டுவருகிறேன் என்று நெஞ்சில் தட்டி, பதினாறு பேரைக் கொண்டுபோனேன். எல்லோரும் எங்கள் கட்டடத்துச் சனம். அஜக்ஸ் பட்டினம் தாண்டிப் போனால் மணல் அள்ளி விட்ட பெரிய பள்ளக் கிடங்கு ஒன்று இருக்கிறது. அதுதான் வனாந்தரம். நீண்ட அங்கிகளும் தலைத்துணிகளும் தந்தார்கள். கையில் பித்தளைப் பாத்திரம், சுருட்டிய கம்பளம். பட்டாளத்துக்காரராக வந்தவர்களுக்கு வாடகைக்குப் பிடித்த இரண்டு குதிரைகள். ஒரு குதிரை நான் சொன்னால்தான் அசையும் என்ற அளவுக்கு என்னோடு சினேகம்.

பலகைத் தட்டியில் ஒரு வீட்டு முகப்பு அடித்து நிறுத்தியிருந்தார்கள். அதன் கதவால் வெளியே வந்து, குதிரைகளுக்கு முன்னால் நடக்க வேண்டும். நான் முதல் ஆளாக வெளியே வந்து, இரண்டு கையையும் வானத்துக்கு எறிந்து, மார்பில் அடித்து, முழங்காலில் விழுந்தேன். ஒரு பாட்டு மட்டும்தான் குறை. அரா ஏதோ சொன்னான். ரஜனி ஓடி வந்தாள்.

"மாமா, ஆக்ட் பண்ண வேண்டாமாம். சும்மா நடக்கட்டாம்."

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். அங்கேதான் பிழை நடந்தது. வெளியே வந்த ஒவ்வொருவரும் நின்றார்கள். திரும்பினார்கள். பூட்டே இல்லாத அந்தத் தட்டிக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டுகிற மாதிரிக் கையைத் திருகி, பூட்டு விழுந்ததோ என்று இரண்டு தரம் இழுத்தும் பார்த்தார்கள். பின்னால் குதிரை கனைக்கிறது, பட்டாளத்துக்காரர் துவக்கு நீட்டியபடி நிற்கிறார்கள், எங்கள் ஆட்கள் கதவைப் பூட்டுகிறார்கள். அரா நிறுத்தினான். திரும்ப எடுத்தான். திரும்பவும் பூட்டினார்கள். பூட்டச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, பூட்ட வேண்டாம் என்று சொல்லியும் கை கேட்கவில்லை.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அரா கேட்டதும் மன்னாரில் இருந்து வந்த மேரி அன்ரிக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டைத் திறந்து போட்டிட்டு ஆர் தம்பி போவினம்? ரெண்டு நாளிலை திரும்பி வரமாட்டமே?"

ரஜனி அதை இங்கிலீசாக்கினாள், அரா அதைத் தன் மாமாவுக்கு ஆர்மேனியப் பாசையில் சொன்னான். ஹாகொப் என்று பெயர், எண்பது வயதிருக்கும், முந்திச் சப்பாத்துத் தைத்தவர். அந்த நடையில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளை அவர். ஏதும் பிழையிருந்தால் சொல்லட்டும் என்று மடக்குக் கதிரை போட்டு இருத்தியிருந்தார்கள். அவர் எழும்பி மெல்ல வந்து, அந்தத் தட்டிக் கதவைத் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அம்மாவும் இப்படித்தான் செய்தவ, இதை இப்படியே விடு என்று மருமகனிடம் சொன்னார். குதிரையைக் காட்டி, இது இருந்ததில்லை, ஒரு காவல்காரன் கால்நடையாய்த்தான் வந்தவன், அவனும் இருமிக்கொண்டு வந்தவன் என்றார்.

இரண்டு பேர் மட்டும் அந்தக் கதவைப் பூட்டவில்லை, மச்சான். ஒன்று நாகேசு. கொழும்பில் தமிழரை வீடு வீடாய்த் தேடி அடித்து எரித்த அந்த ஆடியில் அவள் பிள்ளையோடு ஊரில் இருந்தவள், அப்படிப் பூட்டிவிட்டு ஓடும் நிலை அவளுக்கு வரவில்லை. மற்றது நான். அடுத்த தரம் என் முறை வந்தபோது கை கதவுக்குப் போகவே இல்லை. திரும்பவும் விழுந்து புரண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது, வான் வண்டியில் எனக்குப் பக்கத்தில் இருந்த நாகேசு வெளியே பார்த்தபடி வந்தாள். பிறகு கேட்டாள். "அண்ணை, அவர் அண்டைக்கு அறையைப் பூட்டினவரே?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரும்புக் கம்பியை எடுத்தேன்.

உனக்கு இந்தக் கம்பி தெரியாது. நீ போன பிறகு பிறந்தது அது. கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் அறைக்கு அந்தக் காடையர்கள் வந்தபோது, மச்சான் ஓடு என்று சொல்லி நீ என்னை மதிலால் ஏற்றிவிட்டு, கட்டிலடியில் கிடந்த இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு வாசலில் நின்றாய் என்று உன் செத்த வீட்டில் கதையைத் தொடங்கினேன். அழுதுகொண்டிருந்தவளுக்கு வேறு எதைக் கொடுப்பது? அப்போது உன் கம்பிக்கு நாலு பேர் விழுந்தார்கள். டொரொன்டோவுக்கு வந்தபோது ஆறு. அன்றைக்கு அந்த வான் வண்டியில் எட்டு. அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் வெளியே பார்த்தாள். நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. கம்பியைத் தந்த பிறகு பூட்டைக் கேட்கலாமா என்று எனக்கு உள்ளுக்குள் கோபமும் வந்தது.

ஆர்மேனியரின் மண்டபத்தில் இன்றைக்கு எல்லோருக்கும் காட்ட முன்னம், போன கிழமை அரா எங்களைக் கூப்பிட்டு, முடித்த படத்தைத் தன் அறையில் போட்டுக் காட்டினான். குதிரைகள் இருந்தன. பூட்டு இல்லை. பூட்டைக் கண்டால் சனம் குழம்பும், குதிரையைக் கண்டால் உடனே விளங்கும் என்றான். அதற்காக அவனை நான் குறை சொல்லமாட்டேன், நானும் கலைஞன்தானே. தாயாக நடித்த பெண் குதிரைகளுக்கு முன்னால் கையை விரித்து நின்றதைக் கண்டு நானே கண்ணைத் துடைத்தேன்.

விளக்கைப் போட்டதும் ஹாகொப் மருமகனைப் பார்த்துத் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அரா முகம் சிவந்துபோய் அதை இங்கிலீசில் சொன்னான். எங்களுக்கு ரஜனி சொன்னாள்.

"இதை அவர் இப்ப நாலாந்தரம் பாக்கிறாராம், மாமா. இனிக் கண்ணை மூடினால் அந்த நடிகைதான் வாறாவாம். அம்மா கதவைப் பூட்டினதைக் காணேல்லையாம்."

அன்றையில் இருந்து எனக்கு நித்திரை சரியில்லை, மச்சான். ஏனென்றால் நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். நீ கம்பியோடு நிற்கிறாய். இல்லாத கம்பி. எத்தனை தரம் சொன்னேனோ, அத்தனை தரமும் உன் கை அதை இறுக்கிப் பிடித்துவிட்டது. உன் உண்மையான கையில் அன்றைக்கு என்ன இருந்தது? அதைத் தேடிப் பிடிக்க எனக்கு மூன்று நாள் எடுத்தது.

இதற்கிடையில் ரஜனி உன் கம்பிக் கதையைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி, அதை அராவிடமும் கொடுத்திருக்கிறாள். அடுத்த படம் உங்களுடையது என்று அரா துள்ளுகிறான். வருகிற சனிக்கிழமை கமராவோடு எங்கள் வீட்டுக்கு வருகிறானாம். நான் கதிரையில் இருந்து சொல்ல வேண்டுமாம். நடந்தது நடக்கவில்லை என்று எங்களுக்கும் சொல்லத்தான் போகிறார்கள். அன்றைக்கு யாரோ ஒருவன், அந்த அறையில் அப்படிக் கம்பி ஒன்று இருந்ததே இல்லை என்று கண்டுபிடித்தால்? கம்பி பொய் என்றால் நீ செத்ததும் பொய் என்று சொல்லமாட்டானா? என் வாயால் நான் உன்னை இன்னொருமுறை கொல்வதா?

எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்திருக்கிறேன். இனிச் சுத்தி வளைக்கவில்லை.

கம்பி இல்லை. தெருமுனையில் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் பின்பக்கத்தால் ஓடினோம். மதிலில் முதலில் ஏறியவன் நான். என்னை ஒருவரும் ஏற்றிவிடவில்லை. நீ ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டாய். அப்போது நான் மேலே இருந்தபடி கேட்டேன்.

"அறையைப் பூட்டினனியே? என்ரை ரேடியோ உள்ளுக்கை கிடக்கு."

நீ சேட்டுப் பையைத் தடவி ஆமைப்பூட்டின் திறப்பை, அந்தச் சின்னச் சாவியை, எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாய். உன் கையில் இருந்தது அந்தத் திறப்புத்தான், மச்சான். நான் மற்றப் பக்கம் குதித்தேன். பூட்டு விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு நீ அதை இழுத்துப் பார்த்த சத்தம், இரண்டு தரம். அதற்குப் பிறகு கேட்டது எதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை, சொல்லும்படியாக நான் அங்கே நிற்கவும் இல்லை. ஓடிவிட்டேன்.

இவ்வளவுதான் என்னிடம் இருக்கிற உண்மை. இதில் நான் வீரனும் இல்லை, உன்னை வீரனாகக் காட்ட எனக்கு வழியும் இல்லை. ஆனால் நாகேசு கேட்ட ஒரேயொரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அதை எட்டு மாதமாக வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

உள்ளே அவள் சீலை மாற்றுகிறாள். பஸ் பிடிக்க நேரமாகுது, வாங்கோ அண்ணை என்று இரண்டாந்தரம் கூப்பிடுகிறாள்.

இந்தக் கடிதத்தை எங்கள் ஆட்கள் நடத்தும் பத்திரிகையின் நினைவுப் பக்கத்துக்குக் கொடுக்க எழுதினேன். உறையில் போட்டு முத்திரையும் ஒட்டி, சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு போகப் போகிறேன். படம் முடிந்து ஆர்மேனியரின் மண்டபத்தால் வெளியே வந்ததும் அவளையும் ரஜனியையும் ஒரு பக்கமாக நிறுத்தி, "ஓம் பிள்ளை, பூட்டினவன். பூட்டச் சொன்னது நான்" என்று சொல்வேன். அராவிடமும் சொல்வேன். சனிக்கிழமை கமராவுக்கு முன்னாலும் இதைத்தான் சொல்வேன், ஒரு குதிரையும் சேர்க்காமல். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைப்பாளோ, அண்ணை என்று கூப்பிடுவாளோ, தெரியாது.

அந்த மண்டபத்துக்கு முன்னால் ஒரு தபால்பெட்டி நிற்கிறது. அவளிடம் சொன்ன பிறகுதான் இதை அதற்குள் போடுவேன். சொல்லாவிட்டால் கிழித்துவிடுவேன். ஆகவே மச்சான், இது அச்சில் வந்திருந்தால் உன் மச்சான் ஒருமுறையாவது திரும்பி வந்து கதவடியில் நின்றிருக்கிறான் என்று அறிந்துகொள்.

நீ பூட்டிக் காத்த அந்த ரேடியோவின் சொந்தக்காரன்,
உன் நாகேசுவின் அண்ணன்,
உன் பிள்ளையின் தாய்மாமன்,
குணம்