வியாழக்கிழமை டப்பா

அன்புள்ள தூர்டிஸ் அக்காவுக்கு,

உன் தங்கை இங்வில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், மாடுகள் உட்பட. மாடுகளைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், இந்த வீட்டில் அதுதான் வரிசை. உங்கள் வடக்கில் பகல் சுருங்கிவிட்டதா? அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? அவரைப் பனி அள்ள விடாதே, சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "எப்படிடி இருக்கே?" என்று கேட்டதும் என் வாய் "நல்லா இருக்கேன்க்கா" என்று தானாகவே சொல்லிவிடுகிறது. போதாக்குறைக்கு அதைச் சமையலறையில், மாமியார் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டும். இப்போது நான் நகரத்தில், ஃபெரித் துறைக்கு எதிரே இருக்கும் காப்பிக்கடையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். திரும்பிப் போகும் ஃபெரிக்கு நேரமிருக்கிறது. கையில் பேனா கிடைத்தால் பொய் சொல்ல வருவதில்லை, எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. என் குட்டிப் பெண் சிக்னேவுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. நீ அனுப்பிய சிவப்புக் குல்லா கச்சிதம், கழற்றினால் வீடே இடிகிற மாதிரி கத்துகிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பூனையின் வாலைக் கண்டால் சுவர்கூட வேண்டாம். எல்லோரும் "அப்படியே அவ அப்பா ஸ்டெய்னார் ஜாடை" என்கிறார்கள். பிடிவாதம் மட்டும் நம் வீட்டுச் சரக்கு, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பால் விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காதே, இந்தக் கடிதமே பாலைப் பற்றித்தான்.

சிக்னே கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சல் வந்து எனக்குப் பால் வற்றிப்போனது உனக்குத் தெரியும். அப்போது என் மாமியார் பெர்கித், "மாட்டுக்கு வத்தினா டாக்டரைக் கூப்பிடுவோம், உனக்கு யாரைக் கூப்பிடறது?" என்று கேட்டார். அவர் அளவில் அது ஆறுதல்தான். அன்றிலிருந்து டப்பாப் பால். சிக்னேயின் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டது ஒரே வகை, அது எங்கள் கரையில் இருக்கும் கடையில் கிடையாது. நகரத்து மருந்துக்கடையில்தான் கிடைக்கும். அதனால் வியாழக்கிழமைதோறும் நான் ஃபெரி ஏறினேன். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்வார். "இத்தனை மாடு கறக்கிற வீட்டுல டப்பாப் பாலு! பால் வண்டிக்காரன் கேட்டா சிரிப்பான்" என்று ஒவ்வொரு வாரமும் வாசல்வரை வந்து சொல்லி அனுப்புவார்.

அக்கா, அந்த வியாழக்கிழமைதான் எனக்கு மூச்சு. ஃபெரி கிளம்பியதும் ஒரு காப்பியும் சுடச்சுட ஒரு ஸ்வேலே அப்பமும் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன். என் உடுப்பில் தொழுவ வாடை இருக்கும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஸ்வேலே சுடுகிற பெண் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். பண்ணையில் நான் ஸ்டெய்னாரின் மனைவி, சிக்னேயின் அம்மா, கன்று போடும் நேரத்தில் இன்னொரு ஜோடிக் கை. நகரத்தில் இறங்கி நான் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நூலகத்தில் பத்திரிகை புரட்டுவேன். செருப்புக்கடையில் வாங்காத பூட்ஸைப் போட்டுப் பார்ப்பேன். அப்புறம் டப்பாவை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவேன், யார் மேலும் கோபமில்லாமல்.

ஒரு வயதுச் சோதனைக்குச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது மாமியாரும் கூட வந்தார். தாதி சிக்னேயை எடை பார்த்துவிட்டு, "அருமையா வளர்ந்திருக்கா. இனிமே டப்பாப் பால் தேவையே இல்ல. சாதாரண மாட்டுப் பால் போதும், சாப்பாடும் நல்லா குடுங்க. பண்ணைப் பாலா இருந்தா காய்ச்சித்தான் குடுக்கணும்" என்றாள். மாமியார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஏதோ மாட்டுக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கினவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் 'காய்ச்சித்தான்' மட்டும் அவருக்குத் தொண்டையில் சிக்கியது. "எங்க பாலு என்ன சாக்கடைத் தண்ணியா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆனால் மறுநாளே பாலைக் காய்ச்சி ஆற்றி, சின்னக் கப்பில் ஊற்றித் தயாராக நின்றார்.

சிக்னே ஒரு வாய் எடுத்தாள், மாமியாரின் மேல்துணி முழுக்கத் துப்பினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது என்று எழுதினால் பாதி உண்மை. எனக்குச் சந்தோஷம் வந்தது, அக்கா. அடுத்த நாள் டப்பாப் பாலோடு பாதிப் பாதி கலந்து கொடுத்தோம், துப்பினாள். கால் பங்கு கலந்தோம், கண்டுபிடித்துவிட்டாள். நான் வாயால் "குடிச்சிடு கண்ணு" என்று கொஞ்சினேன், உள்ளுக்குள் 'வேண்டாம்டி, குடிக்காதே' என்று வேண்டிக்கொண்டேன். அவள் துப்பின ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு ஒரு வியாழக்கிழமை மிஞ்சியது. பெற்ற பிள்ளை நல்ல பாலைக் குடிக்கக் கூடாது என்று வேண்டுகிற அம்மாவை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேண்டினேன்.

காரியத்தைக் கெடுத்தது ஸ்டெய்னார்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், காய்ச்சின பாலைத் தன் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டு, "இது அப்பாவோடது. உனக்கெல்லாம் கிடையாது, தள்ளிப்போ" என்று சிக்னேயிடமிருந்து ஒளித்து ஒளித்துக் குடிக்கிற மாதிரி நடித்தான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடுங்கி வாயில் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வெள்ளை மீசையோடு எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். மாமியார் கை தட்டினார். ஸ்டெய்னாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம பாலைக் குடிச்சிட்டா பாரு இங்வில்!" என்றான். நான் மாவு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்ததும் ஸ்டெய்னார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, இனிமே நீ காத்துலயும் மழையிலயும் ஃபெரி பிடிச்சு அலைய வேண்டாம். உனக்கும் நிம்மதி" என்றான். மனதாரச் சொன்னான். நானும் "ஆமா" என்றேன்.

அவனிடம் வாய்விட்டுச் சொல்லேன் என்பாய். சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமை, "பால் இல்லாட்டியும் நான் வியாழக்கிழமை நகரத்துக்குப் போகட்டுமா?" என்று கேட்டேன். "போயிட்டு வாயேன், நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்? என்ன காரியமா?" என்றான். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இந்தக் கரையில் யாரும் காரியம் இல்லாமல் ஃபெரி ஏற மாட்டார்கள். ஃபெரியில் பார்க்கிறவர்கள் வணக்கத்துக்குப் பதிலாக "என்ன காரியம்?" என்றுதான் கேட்பார்கள். எனக்கு ஊசி நூல் வேண்டும் என்றேன். மாமியாரிடம் இருந்தது. சிக்னேவுக்குக் காலுறை என்றேன். "அடுத்த மாசம் தீவனம் வாங்கப் போறேன்ல, நானே வாங்கிட்டு வந்துடறேன்" என்றான். என் தலையிலிருந்து ஒவ்வொரு சுமையாக இறக்கி வைத்து, என்னை வீட்டோடு பூட்டுகிறான், பாவம், அது அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். காலையில் கறவை, மாலையில் கறவை, நடுவில் புல்லும் சாணியும் என்று அவனும் காரியமில்லாமல் ஒரு நாள் வெளியே போனதில்லை. அவனுக்கு அது குறையாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது, அக்கா.

இன்றைக்கு எப்படி வந்தேன் என்று கேட்பாய். பிரிக்காத டப்பா ஒன்று மிச்சமிருந்தது. "அதைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடு, வீணா எதுக்கு" என்று மாமியார்தான் சொன்னார். வந்தேன். விற்ற பாலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று மருந்துக்கடையில் சொல்லிவிட்டார்கள். டப்பா இதோ மேஜை மேல் என் எதிரே உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். காலையில் நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் சிக்னேயை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வழக்கமான கேலி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "நான் கல்யாணமாகி வந்த புதுசுல முடி வெட்டிக்கறதுக்குன்னு ஃபெரி ஏறுவேன்" என்றார். "மாசாமாசம் போவேன். அப்புறம் என் நாத்தனார் முடி வெட்டக் கத்துக்கிட்டா." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "குளிருது, கதவைச் சாத்து" என்று உள்ளே போய்விட்டார். ஃபெரி நடுவழி வரும்வரை நான் காப்பிகூட வாங்கவில்லை. நாற்பது வருஷமாக அவர் முடியை வீட்டிலேயே வெட்டுகிறார்கள், அக்கா. நானும் இரண்டு தடவை வெட்டிவிட்டிருக்கிறேன்.

அதனால் உன்னிடம் ஓர் உதவி. என்னைக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்கவில்லை, எனக்கு ஸ்டெய்னாரும் வேண்டும், சிக்னேயும் வேண்டும். எனக்கு ஒரு காரியம் வேண்டும். நீ வாரா வாரம் எனக்கு ஒரு பார்சல் அனுப்பு. எங்கள் கரைக் கடைக்கும் பார்சல் வரும், அங்கே மட்டும் அனுப்பிவிடாதே, கடைக்காரர் நல்ல மனுஷர், வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். நகரத்துத் தபால் அலுவலகத்துக்கு அனுப்பு. உரியவரே நேரில் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்று பெரிதாக எழுது. கணவரிடமோ மாமியாரிடமோ கொடுக்கக் கூடாது என்றும் எழுத முடிந்தால் எழுது.

நீயும் அத்தானும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்னேயின் முத்தம் உங்கள் இருவருக்கும், இப்போது அதில் மாட்டுப் பால் வாசனை இருக்கும். துறையில் ஃபெரி தெரிகிறது, நான் கிளம்ப வேண்டும். பார்சலுக்குள் என்ன வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. ஒன்றுமே வைக்க வேண்டாம் அக்கா, காலிப் பெட்டி போதும். புதன்கிழமைக்குள் வந்து சேருகிற மாதிரி மட்டும் அனுப்பு.

உன் அன்புத் தங்கை
இங்வில்