உள்பக்கம் போட்ட முடிச்சு

என் உயிரே,

இப்படி அழைக்க நீ யார் என்று கோபப்படாதே. இன்று காலை உன்னிடம் கட்டுப் போட்டுக்கொண்டவன்தான் நான். இடது முன்கையில் காயம். வாள் அல்ல, வெறும் தகரம் கிழித்தது. சிரிக்காதே.

நான் சாவில்லாத போர்வீரன். நீ இறந்து, மறுபடி பிறந்து, என்னைச் சுத்தமாக மறந்துவிட்டாய். ஊர் ஊராகத் தேடி வந்து நின்றால், "பேரு என்ன சார்?" என்கிறாய்! நெஞ்சில் வேல் பாய்ந்தபோதுகூட எனக்கு இப்படி வலித்ததில்லை.

"ஆடாம இருங்க, சின்னப்பிள்ளை மாதிரி!" என்றாய். அதே அதட்டல். மற்ற நர்சுகள் பிளாஸ்திரி ஒட்டி முடிப்பார்கள். நீயோ துணியின் நுனியைக் கிழித்து, கையின் உள்பக்கம் முடிச்சுப் போட்டாய்.

"ஏன் அங்க போடுறீங்க?" என்றேன்.

"வெளிய போட்டா கேடயம் உரசுமே" என்று சாதாரணமாகச் சொன்னாய். சொன்ன பிறகுதான் உன் கத்தரிக்கோல் நின்றது. "கேடயமா? நான் என்ன உளர்றேன்?"

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று எழுந்து வந்துவிட்டேன். தெருவுக்கு வந்ததும் கத்தினேன் பார், போரில் ஜெயித்தபோதுகூட அப்படிக் கத்தியதில்லை!

நாளை கட்டு மாற்ற வரச் சொன்னாயே, வருகிறேன். மீதியை நீயே சொல்.

அன்று நீ காயம் கட்டி அனுப்பிய போர்களிலிருந்தெல்லாம்
உயிரோடு திரும்பியவன்