பிரிஜாவின் பம்பரக் களம்

மஸ்கட், வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஷிபாவுக்கு,

மாதா புண்ணியத்துல நான் சுகம். உனக்கு முதுகுவலி கொறஞ்சுதா? தேங்காய்ப்பட்டணத்துல கடல் அடங்கிச்சா?

நம்ம மவ பிரிஜா கேட்ட பம்பரச் சண்டைக்கு, மீன்பிடி போட்டுக்குப் பூசி மிஞ்சின பைபர்ல குழிவா ஒரு தட்டு செஞ்சேன். ஓரம் விரலைக் கீறிச்சு, பயப்படாண்டாம். அறையில யாரும் இல்ல. வலது கையால ஒண்ணு, இடது கையால ஒண்ணு சுண்டி விட்டு நானே மோத விட்டேன். இடதுதான் ஜெயிச்சுது. யாருகிட்ட சொல்ல?

தட்டும் பம்பரமும் ஊருக்கு வாற லிஜின் கையில குடுத்து விடுறேன். பம்பரத்தை இழுத்து விடுற பிடி மட்டும் வாங்கல. சின்னதும் பெரிசுமா ரெண்டு அளவு இருக்கு. பிரிஜா உள்ளங்கையைத் தாளுல வச்சு வரைஞ்சு அனுப்பு.

லிஜினுக்கு வண்டி வந்தாச்சு. மறந்துராத ஷிபா, அவ கை இப்ப எவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியல.

சகாயம்