ஒரு வருஷம் விடட்டுமா, அம்மா

ராஜபாளையம்
8.11.2025, சனி

அன்புள்ள அம்மாவுக்கு,

ரஞ்சனி எழுதுவது. இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை, காய்ச்சலும் இல்லை. நீ கேட்பாய் என்றுதான் இதை முதலில் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசக் கொடுக்கிற ஐந்து நிமிஷமும் வார்டன் பக்கத்திலேயே நிற்கிறார். அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. அதனால் என் அறைத் தோழி ஹெப்சிபாவின் அப்பா தனுஷ்கோடியிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் வில்லிபுத்தூரில் இருந்து வாராவாரம் மகளைப் பார்க்க வருகிறவர், நம்பலாம்.

அம்மா, கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் எழுத்தெல்லாம் கலங்கிப் போகிறது. போன மே மாதம் நீட் எழுதும்போது கடைசி அரைமணி நேரம் விரல் மரத்துவிட்டது என்று சொன்னேனே, இப்போது கோச்சிங்கில் வைக்கிற ஒவ்வொரு தேர்வுக்கும் அப்படித்தான் ஆகிறது. இன்றைக்குப் பெயர் எழுதவே கை வரவில்லை. மார்க் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. தூக்கமும் இல்லை.

பிப்ரவரியில் விண்ணப்பம் போட வேண்டும். இந்த முறை போடாமல் விட்டுவிடட்டுமா? ஒரு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு அடுத்த வருஷம் எழுதுகிறேன். ஒரு வருஷம் போதுமா, ரெண்டு வருஷம் வேணுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பிசிக்ஸ் சாரிடம் கேட்டேன். "ஒரு மாசம் விட்டாலே பாதி மறந்துரும், நீ ஒரு வருஷம்ங்கிறே. பொறவு உன்னை எந்த காலேஜ்ல பார்க்குறது?" என்றார். எனக்கு டாக்டர் ஆக ஆசையில்லை என்று நினைத்துவிடாதே. ஆக வேண்டும். ஆனால் பயமாக இருக்கிறது அம்மா.

உன் மகள்
ரஞ்சனி

&nbsp;

வில்லிபுத்தூர்
15.11.2025

என் தங்கத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தைச் சத்துணவுக் கூடத்தில் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டுப் படித்தேன். கூட வேலை பார்க்கிற மாரீஸ்வரி, "என்னக்கா, பிள்ளை ஊருக்கு வாரேன்னு எழுதியிருக்கா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள். "அவ ஏன் வாரா? படிக்கத்தான போயிருக்கா" என்று அவள் மேல் விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

ஏட்டி, ஒரு வருஷம், ரெண்டு வருஷம் என்று நீ பாட்டுக்கு எழுதிவிட்டாய். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு எர்ணாகுளம் போன அப்பா இன்னும் திரும்பவில்லை. நான் யாரிடம் யோசனை கேட்பேன்? அதனால் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை வந்தால் இந்த வருஷமே விண்ணப்பம், சிவப்பு வந்தால் ஒரு வருஷம் ஓய்வு. நானே ரெண்டு பொட்டலத்தையும் வாழையிலையில் மடித்துக் கட்டி ஆத்தா காலடியில் வைத்தேன். பூசாரி தன் பேத்தியை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். பிரித்தால் வெள்ளை நந்தியாவட்டை. ஆத்தாளே சொல்லிவிட்டாள், இனி மறுபேச்சு இல்லை.

எடுத்த பொட்டலத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள். எடுக்காததும் ஆத்தா காலில் இருந்து வந்ததாயிற்றே, குப்பையில் போட மனசு வரவில்லை. அதையும் விபூதியோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன். பிரிக்காமல் ஏதாவது செடி மூட்டில் போட்டுவிடு. தலைக்கு எண்ணெய் வை.

அம்மா
வெள்ளைத்தாய்

&nbsp;

ராஜபாளையம்
16.11.2025

அம்மா,

ஹெப்சிபா அப்பா கீழே அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவர் கிளம்புவதற்குள் எழுதுகிறேன்.

பிரித்துவிட்டேன். சிவப்பைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடலாம் என்றுதான் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை.

ரெண்டிலும் வெள்ளையை வைத்துவிட்டு எதற்கம்மா அந்தச் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாய்? நீயும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றாயா? வீட்டுக்கு வராதே என்று நேராகவே எழுதியிருக்கலாம். நான் உன்னிடம்தான் கேட்டேன், ஆத்தாளிடம் கேட்கவில்லை.

ஹெப்சிபாவிடம் காட்டினேன். அவளுக்கு இது மூன்றாவது வருஷம். "உங்க அம்மாவுக்கு உன்னையவிடப் பயம் போலிருக்கு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு என்ன பயம், அதையாவது சொல்.

ரஞ்சனி

&nbsp;

வில்லிபுத்தூர்
22.11.2025

ரஞ்சனி,

ஆத்தாளையே ஏமாற்றியவள் என்று நீ எழுதவில்லை. எழுதினாலும் தப்பில்லை. செவ்வரளி மடியில்தான் இருந்தது. வைக்கப் போனவள் அதை விட்டுவிட்டு ரெண்டிலும் நந்தியாவட்டையையே மடித்துவிட்டேன். ஏன் என்று கேட்டாய், சொல்கிறேன்.

நீ ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் அது ஒரு வருஷத்தோடு போகாது. மம்சாபுரத்து அத்தை தன் மகன் ராம்கிக்கு உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "இந்த வருஷம் பரீட்சை எழுதலன்னா தையிலயே முடிச்சிருவோம். எம்புட்டு நாளைக்குத்தான் அவளைப் படிக்க வைக்கப் போறீக?" என்று போன வாரம்கூட வாசலில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அக்காவை எதிர்த்துப் பேச உன் அப்பாவுக்கு வாய் வராது. நானும் பன்னிரண்டாவது முடித்துவிட்டு, ஒரு வருஷம் வீட்டில் இருந்து பொறவு டீச்சர் டிரெயினிங் போகலாம் என்று இருந்தவள்தான். அந்த வருஷமே இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

மே மாதம் வரை பல்லைக் கடித்துக்கொள். எழுதி முடித்துவிட்டு எம்புட்டு நாள் வேண்டுமானாலும் தூங்கு. விண்ணப்பத்தை மட்டும் போட்டுவிடு, சாமி. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

அம்மா

&nbsp;

ராஜபாளையம்
30.11.2025, ஞாயிறு

அம்மா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் போன வாரம் ஒன்றும் கொடுத்தனுப்பவில்லை. உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. நீ சொன்னபடி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தும் பார்த்தேன்.

புதன்கிழமை தேர்வில் இருந்து பாதியில் எழுந்து வந்துவிட்டேன். தாளில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அன்றிலிருந்து துவைத்த துணியைக் காயப்போட நான் மொட்டைமாடிக்குப் போவதில்லை. ஹெப்சிபாவைத்தான் அனுப்புகிறேன். ஏன் என்று கேட்டாள், முழங்கால் வலி என்று சொல்லிவைத்தேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை அம்மா. அங்கே தனியாக நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை நினைத்துத்தான் பயம்.

ராம்கி அத்தானைக் கட்டிக்கொள்ளச் சொன்னாலும் சரி, கட்டிக்கொள்கிறேன். எதுவானாலும் சரி. அத்தையிடம் சொல்லிவிடு.

ரஞ்சனி

&nbsp;

ஹாஸ்டல் வாசல், ராஜபாளையம்
30.11.2025, சாயங்காலம்

என் கண்ணு,

கீழேதான் நிற்கிறேன். தனுஷ்கோடி அண்ணன் கொடுத்த கடிதத்தை நின்றபடியே படித்துவிட்டுக் கட்டிய சேலையோடு பஸ் ஏறிவிட்டேன். என்னை மேலே விட மாட்டார்களாம். அப்பா கையெழுத்து இல்லாமல் உன்னையும் அனுப்ப மாட்டார்களாம். "அவிய மறுபடியும் எர்ணாகுளத்துக்கு லோடு கொண்டு போயிருக்காக. பெத்தவ நான் இங்க நிக்கேன், எம்பிள்ளைய விடுங்க" என்று தெருவே பார்க்கச் சத்தம் போட்டேன். இப்போது வார்டன் அப்பாவோடு போனில் பேசிவிட்டு, உன்னை அனுப்பச் சம்மதித்துவிட்டார். இந்தச் சீட்டையும் அவரே கொண்டுவருவார்.

இந்த வருஷம் விண்ணப்பம் வேண்டாம். எத்தனை வருஷம் விடலாம் என்று கேட்டாய், எனக்குத் தெரியவில்லை சாமி. உனக்குத் தூக்கம் வரட்டும், கை மரக்காமல் பேனா பிடிக்கட்டும், பொறவு நீயே சொல். நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இந்தப் பயத்தை டாக்டரிடம் சொல்லுவோம். நானும் கூட உட்காருவேன்.

அத்தைக்குப் பஸ்ஸில் இருந்தே போன் போட்டு, "இனிமே எம்பிள்ள பேச்சை எடுக்காதீக மதினி" என்று சொல்லிவிட்டேன். கத்தினார், கத்தட்டும். வார்டனிடம் போனை வாங்கி அப்பாவிடம் நானும் பேசினேன். "மொதல்ல பிள்ளையக் கூட்டிட்டுப் போ. மத்ததைப் பொறவு பேசிக்கிடலாம்" என்றார்.

ஹெப்சிபாவை உன்னைவிட்டு நகராமல் இருக்கும்படி வார்டனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பெட்டி, புத்தகம் எதையும் எடுக்காதே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே கீழே இறங்கி வா. நீ வாசலுக்கு வந்து சேரும்வரை நான் அந்த மாடியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா