இருபத்திரண்டு விநாடி

ஞாயிறு, காலை

அன்புள்ள மகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன். நான்கு நாளாக நீ போனை எடுக்காததால் வேறு வழியில்லை. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான். போனில் நாம் இரண்டு பேரும் இரண்டாவது நிமிடத்திலேயே முறைத்துக்கொள்வோம். எழுதும்போது நான் கொஞ்சம் நல்ல மனுஷி.

மழை ஓய்ந்துவிட்டது. சமையலறைக் குழாயை மாற்றியாயிற்று. உன் அறையில் இருந்த மேசை மின்விசிறி ஒரு வாரம் கரகரவென்று கத்திவிட்டு நின்றுபோனது. இந்த ஊரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தருகிறவர் ஒருவர்தான் இருக்கிறார். அதனால் அது இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

உன் செய்தி வந்தது. "அப்பாவுக்கே மணியடிச்சிட்டியேம்மா" என்று எழுதியிருந்தாய். நகரமன்றக் கூட்டங்களின் வீடியோவை யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் இணையத்தில் போடுகிறோம். அதை அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து ஒருத்தி பார்ப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். பழைய பேருந்து நிலையத்தை ஒட்டி நகரமன்றத்துக்குச் சொந்தமான பன்னிரண்டு கடைகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை எடுத்துவிட்டு வண்டிகள் நிறுத்த இடம் கட்டலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. ஒன்பதாவது கடை உன் அப்பாவுடையது. ஓட்டெடுப்புக்கு முன்னால் பொதுமக்கள் நேரம். பேச விரும்புகிறவர்கள் சீட்டு எழுதித் தருவார்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் நான் மேசை மணியைத் தட்டுவேன், மைக் அணைந்துவிடும். கூட்டச் செயலராக இருக்கும் பதினான்கு வருடமும் இதைச் செய்துவருகிறேன். தலைமையாசிரியருக்குத் தட்டியிருக்கிறேன். பூங்கா மரங்களுக்காக அழுத பெண்ணுக்குத் தட்டியிருக்கிறேன். ஒரு முறை தலைவரின் மைத்துனருக்கே தட்டினேன், அவர் இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

உன் அப்பா எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல மாட்டார். ஆரம்பத்துக்கு முன்னாலிருந்து சொல்வார். அன்றும் கடைகள் வருவதற்கு முன்னால் அங்கே இருந்த தண்ணீர்த் தொட்டியில் தொடங்கினார். தொட்டியைக் கட்டிய கொத்தனார் வந்தார், கொத்தனாரின் காது மந்தம் வந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். கடைசியில் "அதனால நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். நான் மணியைத் தட்டினேன்.

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். போகும்போது என்னை ஒரு தடவை பார்த்தார், கோபமாக இல்லை. சின்ன வயதில், அவர் கம்பிச் சுற்று எண்ணிக்கொண்டிருக்கும்போது நீ குறுக்கே ஓடினால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. எண்ணிக்கை விட்டுப்போயிற்று, இனி முதலிலிருந்து.

ஏழுக்கு ஆறு என்று தீர்மானம் நிறைவேறியது. தொண்ணூறு நாளில் கடைகளைக் காலி செய்ய வேண்டும்.

நீ கேட்கப்போவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். விதி ஒன்பதை அன்று காலையிலேயே எடுத்துப் பார்த்தேன். பேசுகிறவர் செயலரின் கணவர், பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தவர் என்றால் மணியை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். உன் அப்பா அந்தப் பட்டியலில் பதினொரு வருடமாக இல்லை. எல்லோருக்கும் ஒரே கடிகாரம் இருக்க வேண்டும் என்றுதான் விதியை எழுதிவைக்கிறார்கள். விதி இல்லாத இடத்தில் உரக்கப் பேசுகிறவன் ஜெயிப்பான். உரக்கப் பேச வராதவர்களில் உன் அப்பா முதல் ஆள்.

கூட்டக் குறிப்பில் அவருடைய பெயரையும் முகவரியையும் எழுதியபோது என் கை நடுங்கவில்லை. அதைக் கொஞ்சம் பெருமையாகவே உனக்குச் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. கண்ணாடியை மாற்றிக்கொள். போனை எடு.

அம்மா


சனி, பிற்பகல்

அன்புள்ள மகளுக்கு,

போன மாதம் எழுதிய கடிதத்தை நீ எறிந்திருக்க மாட்டாய். எதையும் எறியாத குணம் உனக்கு உன் அப்பாவிடமிருந்து வந்தது. வைத்திருந்தால், அதன் கடைசிப் பத்திக்கு முந்திய பத்தியை மட்டும் அடித்துவிடு.

அந்தக் கடிதத்துக்கு நீ அனுப்பிய பதில் ஒரே வரி. "ரெண்டு நிமிஷம் முப்பத்தெட்டு விநாடிம்மா. மூணு தடவை பார்த்துட்டேன்." முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் கடிகாரம் தப்பாது. மறுநாள் மதிய இடைவேளையில் ஆவண அறைக்குப் போய் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்டேன். உன்னைப் பொய்யாக்கத்தான் போனேன்.

விதி பதினேழு இப்படிச் சொல்கிறது: "பேசுபவர் தம் பெயரையும் முகவரியையும் கூறி முடித்த பின்னரே நேரம் தொடங்கும்." எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறேன். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு, பேனாவை வைத்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்துவேன். உன் அப்பா மைக் முன்னால் வந்து நின்றதுமே அழுத்திவிட்டேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். முகவரியும் தெரியும், அந்த வீட்டில் நானும் குடியிருந்தவள்தானே. தெரிந்த விஷயத்துக்கு எதற்குக் காத்திருப்பது என்று கை தானாக முடிவு செய்திருக்கிறது.

பெயரும் முகவரியும் சொல்ல அவருக்கு இருபத்திரண்டு விநாடி ஆகியிருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயரை இரண்டு தடவை சொல்லி, பிறகு "கடை எண் ஒன்பது, பழைய பேருந்து நிலையம்" என்கிறார். கொஞ்சம் நிறுத்துகிறார். "இப்போ வீடும் அதுதாங்க" என்கிறார்.

இதை நான் ஐந்து தடவை கேட்டேன்.

அந்த அறையில் வேறு யார் காதிலும் அது விழவில்லை. பெயர், முகவரி சொல்லும்போது உறுப்பினர்கள் தேநீர் குடிப்பார்கள், போனைப் பார்ப்பார்கள். அதைக் கேட்பதற்கென்று ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். அவள் கூட்டக் குறிப்பில் பழைய வீட்டு முகவரியை, கதவு எண் உட்பட, அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறாள்.

உனக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் கேட்டதில்லை, அதனால் நீ சொன்னதில்லை. அப்படித்தானே நாம் பேசி வைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை அலுவலகம் போகும் முன் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பேருந்தில் தினமும் தாண்டுகிற இடம்தான். எதிர்ச்சாரியில் துணி தைக்கும் பெண்ணிடம் ஒரு பையைக் கொடுத்து ஜிப் மாற்றச் சொல்லிவிட்டு நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மணியடிச்ச அம்மாதானே நீங்க" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் மெஷினை ஓட்டிவிட்டு, "அவரு வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரங்க வித்துட்டாங்கக்கா. ஒரு வருஷமா ஷட்டரைப் பாதி இறக்கிட்டு இங்கதான் படுக்கிறாரு. கேட்டா, மோட்டாருக்குக் காவல்னு சொல்வாரு. அந்த மோட்டாரை எவன் தூக்கப்போறான்" என்றாள்.

கம்பிச் சுருள்கள் தொங்கும் சட்டத்துக்குப் பின்னால் இரண்டு சட்டைகள் காய்ந்தன. ஒரு டம்ளரில் பல் துலக்கும் பிரஷ். வார்னிஷ் வாசனை தெருவுக்கு இந்தப் பக்கம் வரை வந்தது. உன் அப்பா குனிந்து சுற்றிக்கொண்டிருந்தார், உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நான் குறுக்கே போகவில்லை. ஜிப் தைத்து முடிந்ததும் வந்துவிட்டேன்.

பிறகு அலுவலகத்தில் விதிப் புத்தகத்தையும் அந்தத் தீர்மானத்தின் அறிக்கையையும் அருகருகே வைத்துப் படித்தேன். "மேற்படி கடைகளில் எவரும் குடியிருக்கவில்லை" என்று அறிக்கை சொல்கிறது. குடியிருப்பவர் ஒருவர் இருந்தாலும், அவருக்கு மாற்று இடம் காட்டாமல் காலி செய்யத் தீர்மானம் போடக் கூடாது என்று விதி சொல்கிறது. கடையில் தங்கக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். இல்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உனக்கு மட்டும்தான் தெரியும். அது போதாதா என்று நீ கேட்பாய். போதும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு வேறொரு சந்தேகம். இது வேறு யாருடைய முகவரியாகவாவது இருந்தால் இத்தனை தடவை ஒலிப்பதிவைக் கேட்டிருப்பேனா? பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு கூட்டமும் போன கூட்டத்தின் குறிப்பை ஏற்றுக்கொள்வதில்தான் தொடங்கும். தலைவர் "குறிப்பில் பிழை உண்டா" என்று கேட்பார், பதிலுக்குக் காத்திருக்காமல் பக்கத்தைத் திருப்பிவிடுவார். இந்தப் பதினான்கு வருடத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. போன செவ்வாய்க்கிழமை நான் கையைத் தூக்கினேன். தேநீர் கொடுக்கிற அம்மா தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

நேரம் தொடங்கியதில் பிழை, முகவரியில் பிழை, இரண்டும் என்னுடையவை என்றேன். இரண்டு வாக்கியம்தான். பிறகு கூச்சல். கடைசி இருக்கை உறுப்பினரான பாத்திரக் கடைக்காரர், "வீட்டு விவகாரத்தையெல்லாம் வீட்டுல பேசிக்கக் கூடாதா" என்றார். சிலர் சிரித்தார்கள். அன்று மைக்கில் பேசியவரின் வீடு எது என்று தெரியாததால்தான் இந்தப் பிழையே வந்தது என்று சொல்லியிருக்கலாம். வழக்கம்போல அது வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியது.

உனக்கு நினைவிருக்கும், எங்கள் மன்றத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் விதி எண் சொல்வார் என்பதால் ‘ரூல்புக்’ என்று பேர். அவரால் என் கூட்டங்கள் எத்தனை மணி நேரம் நீண்டிருக்கின்றன என்று உன்னிடமே புலம்பியிருக்கிறேன். அந்த ஏழு ஓட்டில் அவருடையதும் ஒன்று. அவர் எழுந்து, செயலர் தன் குறிப்பைத் தானே திருத்தக் கோர முடியாது, உறுப்பினர்தான் கோர முடியும் என்றார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தம்மா கேட்க முடியாது. அதனால நான் கேட்கிறேன். முப்பது வருஷம் தபால் கொடுத்தவன் சார் நான். முகவரி தப்புன்னா கடுதாசி திரும்பி வந்துதான் ஆகணும்" என்றார்.

திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். தீர்மானம் மறுபடி எடுத்துக்கொள்ளப்படும். பொதுமக்கள் மறுபடி பேசலாம், முழு மூன்று நிமிடம். அதற்காகச் சந்தோஷப்பட்டுவிடாதே. அதே ஏழு பேரும் அதே நாற்காலிகளில்தான் இருப்பார்கள். இந்த முறை மாற்று இடம் என்று எங்கோ ஒரு மூலையைக் காட்டிவிட்டுக் கையைத் தூக்கலாம், அதற்கும் விதியில் இடமிருக்கிறது.

என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நான்கு வரியில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் வரும் வரை மணி என்னிடம் இல்லை. பழைய கணவரைக் காப்பாற்ற வேண்டுமென்றே பிழை செய்தேன் என்று அலுவலகத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அவரைக் கவிழ்க்க வேண்டுமென்றே செய்தேன் என்று மீதிப் பேர். இரண்டையும் கேட்டுக்கொண்டு கோப்புகளை அடுக்குகிறேன்.

அடுத்த கூட்டம் இருபதாம் தேதி. நகர நூலகர் மணியடிப்பார். விதி பதினேழை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நான் பார்வையாளர் வரிசையில் உட்காரப்போகிறேன்.

உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். அப்பாவைக் கூப்பிடு. ஒரு தடவை முழுவதும் பேசிக் காட்டச் சொல், நீ கடிகாரத்தைப் பிடி. பெயரும் முகவரியும் சொல்லி முடிக்கும் வரை அழுத்தாதே. தண்ணீர்த் தொட்டி வரட்டும், ஒரே வரியில் வரட்டும். கொத்தனாரின் காது மட்டும் வேண்டாம். நடுவில் நிறுத்தினால் அவசரப்படுத்தாதே, கொஞ்சம் பொறு, அவரே வந்து சேர்வார். இதை நான் சொல்லக் கூடாது. எந்த விதியிலும் அப்படி இல்லை, ஆனாலும் கூடாது.

அந்த ‘ஒண்ணே ஒண்ணு’ என்ன என்று உன்னிடம் சொல்லிவிடுவார். எனக்கு எழுதாதே. நான் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

மின்விசிறி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அவசரமில்லை என்று சொல். இருபதாம் தேதிக்கு அப்புறம் நானே கொண்டுவந்து தருகிறேன், கடை அங்கேயே இருந்தாலும் சரி, வேறெங்கே போனாலும் சரி. முகவரியை மட்டும் அவரிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி எனக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணு.

அம்மா