ஸ்டெப்னிக்கு அடியில் பச்சைப் பட்டை

என்னங்க,

உங்கள் கைக்குட்டை ஒன்று மேசைமேல் இருக்கிறது. ஓரத்தில் நீலக்கோடு போட்டது. அதைப் பிரித்தால் ரஸ்க்கின் பச்சைக் கழுத்துப்பட்டை. டயர் நாற்றத்தையும் மீறி அவன் வாசனை இன்னும் அதில் இருக்கிறது. மழையில் நனைந்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வந்து நேரே சோபாவில் ஏறுவானே, அந்த வாசனை. முகர்ந்து பார்த்துவிட்டு முதலில் அழுதேன். அப்புறம் எழுந்து போய் சுவரிலிருந்த உங்கள் போட்டோவை முகம் தெரியாமல் திருப்பி மாட்டினேன்.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. ஓட்ட ஆளில்லாத காரை எத்தனை நாள் துடைத்து வைப்பது? விற்றுக் கொடுக்கச் சொல்லி பம்மலில் உங்கள் மெக்கானிக் கஜாவிடம் விட்டிருந்தேன். உள்ளே நம் சாமான் ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொன்னான் என்று இன்று காலை ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினான். அதற்கு அடியில் இந்தப் பொட்டலம்.

"இது எப்படிப்பா இங்க வந்துச்சு? நாய் பெல்ட்டோடதானே காணாமப் போச்சு?" என்றேன்.

கஜா ஸ்டெப்னியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான். "அக்கா... சார் உங்களாண்ட சொல்லவே இல்லியா?"

நீங்கள் சொன்ன கதை எனக்கு மனப்பாடம். நாலு வருஷமாக அதில்தானே வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

பையன் கனடாவுக்குப் போன வருஷம் வந்தவன் ரஸ்க். வந்த அன்றே ஒரு பாக்கெட் ரஸ்க்கைக் கவரோடு தின்றதால் அந்தப் பெயர். அவன் வந்ததிலிருந்து உங்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. "இவனுக்குப் பனியக் காட்டணும் எஸ்தர். ஒரு தடவை பனியில உருண்டு எழுந்திரிக்கணும்" என்பீர்கள். தாம்பரத்திலிருந்து மணாலிவரை நாமே ஓட்டிப் போவதாம். டிசம்பரில் போகலாமே என்றேன். எனக்கு ஸ்கூலில் அரைப்பரீட்சை லீவு பத்து நாள்கூடத் தேறாது என்று கணக்குப் போட்டு, மே மாதத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். நாக்பூர் வெயிலைப் பற்றி நான் வாயைத் திறந்தபோது, "கார்ல ஏசி எதுக்கு இருக்கு?" என்றீர்கள். பெரிய மேதாவி.

பைபாஸ் ஏறும் முன் காரை ஓரம்கட்டி ஜெபம் பண்ணினோம். கல்யாணமான முதல் வாரத்திலேயே நீங்கள் போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? "ஒருத்தர் ஜெபம் பண்ணா மத்தவங்கதான் ஆமென் சொல்லணும். கேட்டேன், நானும் ஒத்துக்கறேன்னு அர்த்தம்." அன்று நான் ஜெபித்தேன், நீங்கள் ஆமென் சொன்னீர்கள். ரஸ்க் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நுழைத்து உங்கள் காதை நக்கினான். உண்மையைச் சொல்கிறேன், அந்த மூன்று நாள்போல நாம் சிரித்ததே இல்லை. டோல்கேட்டில் பணம் வாங்குகிறவர்களெல்லாம் அவனுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். நீங்கள் பாட, அவன் ஊளையிட, நான் காதைப் பொத்திக்கொள்ள, ஐதராபாத் தாண்டியதே தெரியவில்லை.

மூன்றாம் நாள் நாக்பூருக்கு வெளியே அந்த லாட்ஜ். எனக்கு வயிற்றுப்போக்கு, நிற்கக்கூட முடியவில்லை. ரஸ்க்குக்குத் தண்ணீர் காட்டி, பின் சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தியது நான்தான். "நீ போய் படு, நாய உள்ள விடுவாங்களான்னு மேனேஜர்ட்ட கேட்டுட்டு வரேன். வண்டி ஏசியோட ஓடிட்டே இருக்கட்டும்" என்றீர்கள். சாயங்காலம் என்னை எழுப்பினீர்கள். சட்டையெல்லாம் மண். உங்கள் முகத்தைப் பார்த்தே பயந்துவிட்டேன்.

"ரஸ்க்கக் காணோம் எஸ்தர். பின்கதவு திறந்து கெடந்துச்சு. நீ சரியா சாத்தலையா?"

அந்த ஒரு கேள்வியை உங்களால் எப்படிக் கேட்க முடிந்தது?

இரண்டு நாள் தேடினோம். லாட்ஜ்காரரிடம் இந்தியில் எழுதி வாங்கி, அவன் போட்டோவோடு கடை கடையாக ஒட்டினோம். வயல் வரப்பெல்லாம் நடந்து "ரஸ்க்கு! ரஸ்க்கு!" என்று நீங்களும்தான் கத்தினீர்கள். உங்கள் தொண்டை கட்டிக்கொண்டது. நான் உங்களுக்கு வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். ஐயோ, வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன்!

பனியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று திரும்பினோம். வழியெல்லாம் பின் சீட்டையும் கதவையும் சேர்த்து ஒரு பெட்ஷீட்டால் மூடி வைத்திருந்தீர்கள். வெறும் சீட்டைப் பார்த்தால் நான் தாங்க மாட்டேன் என்றுதான் என்று நினைத்தேன். என்ன மனுஷன், எவ்வளவு அன்பு என்று நினைத்தேன். வந்ததும் சர்வீஸ் என்று சொல்லிக் காரை ஒரு வாரம் கஜாவிடம் விட்டீர்கள்.

அந்த ஒரு வாரம் என்ன நடந்தது என்று இன்றுதான் எனக்குத் தெரியும். கஜா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரவைத்துச் சொன்னான்.

"மேனேஜராண்ட பேசிட்டு சார் அங்கயே ஃபேனுக்குக் கீழ சோபால குந்திகினாராம். விடிகாலைலருந்து வண்டி ஓட்டுன அசதி, அப்டியே தூங்கிட்டாரு. நடுவுல வண்டி ஆஃப் ஆயிட்டுக் கீது. எய்ந்து வந்து பாத்தா நாய்க்கு உசிரு இல்ல. வாட்ச்மேன இட்டுகினு போய் வயல் ஓரமா பொதச்சிட்டாரு. டோர் உள்பக்கம் பூரா நகத்தால பிராண்டி வச்சிருந்துச்சுக்கா. நான்தான் டோருக்கு வேற பேடு மாத்திக் குடுத்தேன். இதே ஸ்டூல்ல குந்திகினு அய்தாரு. 'கஜா, டீச்சருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்'னு என் கையப் புட்சிகினாரு."

கஜாவுக்குத் தெரிந்திருக்கிறது. நாக்பூரில் எவனோ ஒரு வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பத்தோரு வருஷம் உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்ட எனக்குத் தெரியாது.

தூங்கியதை நான் மன்னிப்பேன். மூன்று நாள் ஓட்டிய மனுஷன், கண் அசந்துவிட்டது. அன்றே சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து அவனுக்காக அழுதிருப்போம். அதைக்கூட என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள். உங்கள் தவறைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, நான் அழும்போதெல்லாம் முதுகைத் தடவி, "விடு எஸ்தர், வேணும்னேவா பண்ண?" என்று பெருந்தன்மையாக என்னை மன்னித்துக்கொண்டிருந்தீர்கள்.

இந்தப் பட்டையின் உட்பக்கம் மார்க்கரால் என் செல் நம்பரை எழுதியது நான். யாராவது பார்த்தால் கூப்பிடுவார்கள் என்று, தெரியாத நம்பர் எது வந்தாலும் ஓடி ஓடி எடுத்தேன். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று இந்தியில் கேட்ட பெண்ணிடம் "டாக்? டாக்?" என்று கெஞ்சியிருக்கிறேன். நீங்கள் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். அந்த நம்பர் கீழே கார் ஷெட்டில் ஸ்டெப்னிக்கு அடியில் கிடந்தது.

எல்லாவற்றையும்விட அந்த ஆமென். தினமும் சாயங்கால ஜெபத்தில் கடைசியாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். ஆண்டவரே, என் கவனக்குறைவால் தொலைந்துபோன அந்த ஜீவன் எங்கே இருந்தாலும் நல்ல மனுஷர் கையில் இருக்கட்டும். மூன்று வருஷத்துக்கு மேல், ஒரு நாள் விடாமல். நான் முடித்ததும் நீங்கள் ஆமென் சொன்னீர்கள். கேட்டேன், நானும் ஒத்துக்கறேன். எதை ஒத்துக்கொண்டீர்கள்? என் கவனக்குறைவையா?

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் ஒரு நாள் என் கையைப் பிடித்து, "அந்த ரஸ்க் ஜெபத்த மட்டும் விட்டுடு எஸ்தர்" என்றீர்கள். எனக்கு வந்ததே கோபம். "வாயில்லா ஜீவன், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். வாயைத் திறந்தீர்கள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஊசி போட வந்தாள். அவள் போன பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். சொல்லத்தான் வந்தீர்களா? இன்று பகலெல்லாம் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்ல வந்தீர்கள் என்று நம்பத்தான் ஆசை. ஆனால் உங்களை நம்பித்தான் நான் இந்த லட்சணத்தில் இருக்கிறேன்.

காரை விற்கவில்லை. கஜாவிடம் திரும்பக் கொண்டுவந்து விடச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். ரஸ்க் உயிரோடு கடைசியாக இருந்த இடம் அதுதானே என்று சொன்னதும் சாவியைத் தேடப் போய்விட்டான்.

சற்றுமுன் ஜெப நேரம் வந்தது. உங்கள் போட்டோவை அதற்கு மட்டும் திருப்பி வைத்தேன். பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி ஆண்டவரிடம் சொன்னேன். ரஸ்க் காணாமல் போகவில்லை. காரிலேயே வெந்து செத்தான். இந்த மனுஷன் தூங்கிவிட்டார், அப்புறம் பொய் சொன்னார். கதவை நான் சரியாகத்தான் சாத்தினேன். சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். ஆமென் நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது.

அப்புறம் எழுந்து போய் வாசற்கதவைச் சாத்தினேன். சாத்தியது சத்தமாகவே கேட்டது. ஆனாலும், நாலு வருஷமாக எந்தக் கதவைச் சாத்தினாலும் செய்வதுபோல, கை தன்னாலே கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தது.