மூன்று முழத் துணி

பதோவா, இத்தாலி
14.01.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே குளிர் எலும்பைக் குடைகிறது. பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது. ஸம்ஹா என்று பெயர் வைத்திருக்கிறோம். நெற்றி அப்படியே உங்களுடையது.

நான் போன் எடுத்தால் இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு, “கடிதம் எழுது மகள். கடிதமெண்டால் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டலாம்” என்கிறீர்கள். சரி, எழுதுகிறேன். நானும் இப்ஹாமும் பதிவுத் திருமணம் செய்த அன்று, “இனி உன்ட சத்தம் என்ட காதில விழக் கூடாது” என்றுதானே அம்மா சொன்னார்? எழுத்துக்குச் சத்தமில்லை. அதில் அம்மாவின் சட்டம் மீறப்படாது.

ஒரு உதவி வேண்டும். கடையில் வாங்கும் நப்பி பிள்ளைக்கு ஒத்துவரவில்லை. தொடையெல்லாம் சிவந்து கிடக்கிறது. இரண்டு பேர் உழைப்பில் அதை வாங்கிக் கட்டவும் முடியவில்லை. என்னை அம்மா துணியிலேயே வளர்த்தார் என்று பக்கத்து வீட்டு யூஜீனியா மாமி சொல்லிக் கேட்டிருக்கிறேன். துணியை எப்படி வெட்டுவது, எப்படித் தோய்ப்பது என்று அம்மாவிடம் கேட்டு எழுதுவீர்களா? எனக்கென்று சொல்ல வேண்டாம். யாரோ பிள்ளை பெற்றவளுக்கு என்று கேளுங்கள்.

மாம்புரியில் உங்களைத் தவிர ஒருவரும் என்னோடு கதைப்பதில்லை அப்பா. நீங்கள் எழுதினால்தான் ஊர்.

அன்பு மகள்,
ஷானிகா

&nbsp;

மாம்புரி
06.02.2024

என் அன்பு மகள் ஷானிகாவுக்கு,

உன் கடிதத்தை அம்மாவின் கட்டிலருகே கதிரை போட்டு இருந்து, இரண்டு தரம் வாசித்தேன். யாரோ பிள்ளை பெற்றவளுக்கு என்று சொல்லவில்லை. உனக்கென்றே சொன்னேன். பொய் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

அம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “முதல்ல பச்சத் தண்ணி, சுடுதண்ணி பிறகுதான் எண்டு எழுதுங்க. அவளுக்கு எல்லாத்திலயும் அவசரம்” என்றாள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அழுக்கை மலகூடத்தில் உதறிவிட்டு, உடனே பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். மீன் இரத்தம் பட்ட இடுப்புச் சாரத்தை எடுத்தவுடன் சுடுதண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? கறை வேகும், பிறகு போகவே போகாது. இதுவும் அப்படித்தான். அலசியதை மூடிபோட்ட வாளியில் வைத்து, அன்றன்றே தோய்த்துவிடு. இப்போதுதான் சுடுதண்ணீர். சவர்க்காரம் கொஞ்சம் போதும். ஈரத் துணியால் கரும்பலகையைத் துடைத்தால் காய்ந்த பிறகு வெள்ளை படிந்து நிற்குமே, கூடப் போட்ட சவர்க்காரமும் அப்படி நூலில் தங்கித் தோலைக் கடிக்கும். வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். அது பட்ட துணி, சேம்பிலைபோல் தண்ணீரை உருட்டிவிடும், குடிக்காது. உங்கள் ஊர்த் தண்ணீரும் நம் கிணற்றைப்போல் உப்புச் சவர் என்றால், கடைசி அலசலில் ஒரு மூடி வினாகிரி விடு.

புதுத் துணி வாங்காதே. தேய்ந்த சாரம், பழைய படுக்கை விரிப்பு எல்லாம் நல்லது. மூன்று முழ நீளம், இரண்டு முழ அகலம் வெட்டு. நீளவாக்கில் மூன்றாக மடித்து, இரு பக்கமும் நாடா தைத்துக்கொள். ஊசி குத்தாதே. ஒன்று உடம்பில், ஒன்று வாளியில், ஒன்று கொடியில் இருந்தால் கை ஓயாமல் வேலை ஓடும்.

மாற்றும்போது இடுப்பைத் தூக்க முயலாதே. பக்கவாட்டில் மெல்லப் புரட்டி, துணியின் பாதியைச் சுருட்டி முதுகோடு அணைத்து வை. பிறகு மற்றப் பக்கம் புரட்டிச் சுருட்டியதை இழு. ஈரம் ஒற்றி, காற்றுப் பட விடு. குதிகாலையும் பார்த்துக்கொள். சிவந்திருந்தால் அடியில் சிறு தலையணை வை. சில வேளை கோபத்தில் கையைத் தட்டிவிடும். நீ கோபப்படாதே. மெல்ல ஒரு பாட்டுப் பாடினால் அடங்கும்.

ஸம்ஹாவுக்கு என் முத்தம். இப்ஹாமைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு அப்பா,
சாள்ஸ்

&nbsp;

பதோவா
03.03.2024

அன்பு அப்பா,

“அவளுக்கு எல்லாத்திலயும் அவசரம்” என்ற வரியைக் குசினிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். திட்டுத்தான். ஆனாலும் அம்மா எனக்காகச் சொன்ன திட்டு. இப்ஹாம் வாசித்துவிட்டு, “ஒங்கட உம்மா எறங்கி வந்துட்டாங்க புள்ள, அல்ஹம்துலில்லாஹ்” என்றார். நான் அழுததைப் பார்த்துப் பிள்ளையும் அழுதது.

இனிச் சிரிக்கிற கதை. இப்ஹாம் பழைய விரிப்புகளை நீங்கள் சொன்ன அளவுக்கு வெட்டி, மடித்து, நாடாவும் வைத்துத் தைத்தார். பிள்ளைக்குக் கட்டினால் கழுத்தும் தாண்டி நாடிவரை மூடுகிறது! “ஒங்கட வாப்பா நப்பிக்கு அளவு சொன்னாரா, வள்ளத்துப் பாய்க்கு அளவு சொன்னாரா?” என்று கேட்கிறார். அம்மா அளவை மறந்துவிட்டாரா, அல்லது நீங்கள் உங்கள் நீளக் கையால் முழம் போட்டீர்களா?

இப்போதைக்கு வேறொரு விரிப்பைச் சின்னதாகக் கிழித்துக் கட்டுகிறேன். மற்றதெல்லாம் சரியாக நடக்கிறது. ஹீட்டரின் மேல் காயப்போடுகிறேன். சிவப்பும் போய்விட்டது.

அப்பா, ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மா பிள்ளையின் பெயரைச் சொன்னாரா? ஒரு தரமாவது?

உங்கள்,
ஷானிகா

&nbsp;

மாம்புரி
27.03.2024, பெரிய புதன்

அன்பு மகளுக்கு,

அளவு என் பிழைதான். பிள்ளைக்கு அந்தத் துணியை நாலாக வெட்டு. வளர வளரப் பெரிதாக்கலாம் என்று அம்மா சொன்னதை நான் மாற்றி எழுதிவிட்டேன். வயது போகிறது.

நீ கேட்டதற்கு, ஓம். சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். “ஸம்ஹா. வாயில நல்லா வருது” என்றாள்.

இந்தக் கிழமை கோயில் வேலை அதிகம், நீட்டி எழுத நேரமில்லை. பாஸ்குத் திருநாள் வாழ்த்துகள்.

அப்பா

&nbsp;

பதோவா
05.05.2024

அப்பா,

போன மாதக் கடைசியில் புது வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் ஒரு தாதி வந்து பழக்கினார். இடுப்பைத் தூக்க வேண்டாம், பக்கவாட்டில் புரட்டுங்கள் என்றார். விரிப்பின் பாதியைச் சுருட்டி முதுகோடு வைத்தார். மற்றப் பக்கம் புரட்டி இழுத்தார். பிறகு போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தார்.

இதை ஏற்கனவே எங்கே படித்தேன் என்று நினைத்தபடி நின்றேன்.

இரண்டு மாதப் பிள்ளையை யாரும் அப்படிப் புரட்டுவதில்லை அப்பா. இரண்டு காலையும் ஒரு கையில் பிடித்துத் தூக்கினால் முடிந்தது. இரண்டு மாதப் பிள்ளைக்குக் குதிகால் சிவக்காது. கோபத்தில் கையைத் தட்டிவிடத் தெரியாது.

யாருடைய குதிகால் அப்பா?

அன்றிரவே போன் எடுத்தேன். அடுத்த நாளும் எடுத்தேன். நீங்கள் தூக்கவில்லை. வாயால் சொல்ல உங்களால் முடியாது என்று விளங்குகிறது. அப்படியென்றால் எழுதுங்கள். என்னுடைய வதிவிட அட்டை புதுப்பிக்கக் கொடுத்துக் கிடக்கிறது. அது கைக்கு வராமல் இங்கிருந்து கிளம்ப முடியாது. வந்த அன்றே கிளம்புவேன்.

இப்ஹாம் அந்த அளவில் தைத்த துணிகளை நான் வெட்டவில்லை. இந்தப் பொதியில் அனுப்புகிறேன். யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும்.

ஷானிகா

&nbsp;

மாம்புரி
02.06.2024

என் மகள் ஷானிகாவுக்கு,

போன ஓகஸ்டில் தலவிலக் கோயில் திருவிழா முடிந்து வந்த கிழமை, அம்மா கிணற்றடியில் விழுந்தாள். பாரிசவாதம். வலப்பக்கம் முழுதும் போனது. பேச்சும் போனது. உன் வயிற்றில் பிள்ளை இருந்த நேரம். பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன். பிறகு உன் கடிதம் வந்தது, அம்மாவிடம் கேட்கச் சொல்லி.

முதல் சில நாள் யூஜீனியா கைகொடுத்தாள். அப்புறம் நானே பழகிக்கொண்டேன். கடையில் விற்கும் பெரியவர்களின் நப்பி நம் கைக்கு எட்டாது. என் சாரங்களை எல்லாம் வெட்டிவிட்டேன். நீ கேட்டபோது எனக்குத் தெரிந்ததை எழுதினேன். எனக்குத் தெரிந்த உடம்பின் அளவு அதுதான்.

அம்மா பச்சைத் தண்ணீர் என்று சொல்லவில்லை. அவசரம் என்று சொல்லவில்லை. பெயரும் சொல்லவில்லை மகள். நாற்பது வருடம் கேட்ட குரல். அவள் என்ன சொல்வாள் என்று எழுத எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை. எழுதும்போது அவள் கதைப்பதுபோலவே இருந்தது. உனக்காக மட்டும்தான் எழுதினேன் என்றும் சொல்லமாட்டேன்.

உண்மையாக நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். அந்தத் திருவிழாவில் அம்மா, புனித அன்னம்மாளுக்கு இரண்டு மெழுகுதிரி ஏற்றினாள். ஒன்று நம் வீட்டுக்கு. மற்றது யாருக்கு என்று கேட்டேன். “உங்களுக்கென்ன அது?” என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் ஒரு சொல் சேர்த்தாலும் அது என்னுடையதாகிவிடும். நீயே நினைத்துப் பார்.

உன் அட்டை வரும்வரை அம்மா இருப்பாளா என்று டொக்டர் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். இந்தக் கடிதம் கிடைத்து வரும் ஞாயிறு, உங்கள் காலையில் போன் எடு. தூக்குவேன். அதை அம்மாவின் காதோடு வைக்கிறேன். அவளிடம் கேட்காமல் அவள் சட்டத்தை மீறுகிறேன். இடப்பக்கம் தலையைத் திருப்ப அவளால் முடியும். திருப்பினாள் என்றால் போனை அவள் காதிலிருந்து எடுத்துவிடுவேன். நீ மனம் நோகக் கூடாது. திருப்பாவிட்டால் நீ கதை. பதிலுக்காக நிறுத்தி நிறுத்திக் கதைக்காதே. பிள்ளையையும் சத்தம் போட விடு.

பொதி நேற்று வந்தது. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, இன்று காலை ஒன்றைக் கட்டினேன். நாடா நன்றாகத் தைத்திருக்கிறது, இழுபடவில்லை. இப்ஹாமிடம் சொல், அளவு சரி.

அப்பா